முடியாது என்ற டாக்டர்

டார்லா விங்கேட் நாற்பத்தோரு வயதில் மருத்துவப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தார். படிப்பு முடிந்ததும் மருத்துவமனையில் பெற வேண்டிய ரெசிடென்சி பயிற்சிக்கு விண்ணப்பிக்க இன்னும் ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும். இந்த வயதில் இடம் தவறினால் அவ்வளவுதான் என்ற பயம் அவருக்கு. அதனால் அமெரிக்காவின் டொலீடோ நகரில் பேர்பெற்ற மருத்துவத் துறைத்தலைவர் ஹோம்க்விஸ்டைப் போய்ப் பார்த்தார்.

“எனக்கு வலுவா ஒரு கடிதம் தர முடியுமா, டாக்டர்?”

“முடியாது, டார்லா.”

டார்லா எழுந்து கிளம்பப் பார்த்தார். ஹோம்க்விஸ்ட் கையமர்த்தினார்.

“உங்களை ரெண்டு தடவை பார்த்திருக்கேன். ரெண்டு தடவையும் நான்தான் பேசிட்டிருந்தேன். நான் எழுதினா, ‘நல்ல மாணவி, நேரத்துக்கு வருவாங்க’ன்னுதான் வரும். படிக்கிறவங்க கொட்டாவி விடுவாங்க. நோயாளி பக்கத்துல உங்களைப் பார்த்தவங்க யாரு?”

“வார்டுல எனக்குச் சொல்லிக்கொடுத்த டாக்டர் பெட்ரோஸ்கி. ஆனா அவங்க என்னைவிடச் சின்னவங்க. அவங்க பேரு யாருக்குத் தெரியும்?”

“என் பேரு தெரிஞ்சு என்ன? எழுதறவங்களுக்கு உங்களைத் தெரியணும்ல?”

பெட்ரோஸ்கி எழுதினார். இப்படிப்பட்ட கடிதங்களை விண்ணப்பிப்பவருக்குக் காட்டுவதில்லை என்பதால், அது டார்லாவின் கண்ணில் படவில்லை. ஆனால் நேர்காணலுக்குப் போன இடமெல்லாம், மூச்சுத்திணறிய ஒரு கிழவரைச் சமாதானப்படுத்த டார்லா தரையில் உட்கார்ந்து மீன்பிடிப் பேச்சு பேசியதைப் பற்றியே கேட்டார்கள்.

மார்ச்சில் இடம் கிடைத்தது. பெட்ரோஸ்கியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, டார்லா ஹோம்க்விஸ்டுக்குப் போன் செய்தார்.

“முடியாதுன்னு சொன்னீங்களே, அதுக்கு ரொம்ப நன்றி, டாக்டர்.”

“அடடா! எழுதாததுக்கு நன்றி சொன்ன முதல் ஆள் நீங்கதான்.”

அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள், போன மாதம் இறக்கும்வரை, டார்லா மருத்துவராகவே வாழ்ந்தார். அவர் பிள்ளைகளுக்குத்தான் அந்த ஆண்டுகள் போதவில்லை; அம்மா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம் என்றார்கள்.