கேத்தலுக்கு மைக் பிடித்த காலம்

ஓட்டோவின் கூரையில் யாரோ தட்டினார்கள். நான் மைக்கை வாயோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "வாவிக்கரையின் வேங்கை, அஞ்சா நெஞ்சன், முன்னாள் இராணுவ வீரர்..." என்ற இடம்வரை வந்திருந்தேன். தட்டியவர் வேட்பாளர்தான். சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"தங்கராசா, அத நிப்பாட்டுங்க," என்றார்.

மைக் சரியில்லையோ என்று நினைத்து, வயரை ஆட்டிப் பார்த்தேன்.

"மைக் நல்லாத்தான் இரிக்கி. நீங்க சொல்றதுதான் சரியில்ல. முன்னுக்கு வேங்கை எண்டுறீங்க, பின்னுக்கு ராணுவம் எண்டுறீங்க. ரெண்டுல ஒண்டு வந்து என்னப் புடிச்சு உள்ள போடும்."

ஆரையம்பதியில் முப்பது வருடத்துக்கு மேலாக சவுண்ட் சேர்விஸ் வைத்திருப்பவன் நான். கலியாணம், திருவிழா, மரண அறிவித்தல், தேர்தல் எல்லாம் என் ஹோர்ன் வழியாகத்தான் ஊருக்குள் போகும். பட்டத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்ட வேட்பாளர்களைக் கண்டிருக்கிறேன். குறைக்கச் சொன்ன முதல் ஆள் இவர்.

"அப்ப என்னத்தைச் சொல்றது?"

"எட்வின். கேத்தல் சின்னம். அஞ்சு மணிக்குக் கூட்டம். இவ்வளவும் காணும்."

இவ்வளவையும் சொல்ல ஒரு மூச்சுப் போதும். அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டு ஊரைச் சுற்றினேன். பாதி வீடுகளில் தேத்தண்ணிக் கேத்தல் விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் படலைக்கு வந்து, அலுமினியமா சில்வரா என்று விசாரித்தாள்.

அவர் ஏன் தேர்தல் கேட்டார்

எட்வின் அண்ணன் பறங்கியர், போர்த்துக்கேயர் வழிவந்த சனம். மட்டக்களப்பு நகரத்தில் தச்சு வேலையும் இரும்பு வேலையும் பார்த்த குடும்பம். இளம் வயதில் இராணுவத்தின் வாகனத் திருத்தகத்தில் சேர்ந்து, சார்ஜன்ட்டாக ஓய்வுபெற்றார். பிறகு மனைவி கிறேஸ் அக்காவின் ஊரான எங்கள் ஊரில், வாவிப் பக்கமாக ஒரு கராஜ் போட்டார். ஊரில் பின்னால் பேசும்போது "ஆமிக்காரர்" என்பார்கள். முன்னால் பேசும்போது "சார்ஜன் ஐயா" என்பார்கள். அவர் எட்வின் என்றால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்.

அவரை அரசியலுக்கு இழுத்து வந்தது ஒரு கலி பவுசர். மலசலகூடக் குழி நிறைந்தால் வந்து உறிஞ்சிக்கொண்டு போகுமே, அந்த வண்டி. எங்கள் பிரதேச சபையின் பவுசர் பழுதாகி, சபை வளவுக்குள் கொடி படர்ந்து நின்றது. வாவிக்கரை வீடுகளில் தண்ணீர்மட்டம் உயரம். மாரி பிறந்தால் குழிகள் எல்லாம் வாயைத் திறந்துவிடும். சும்மா திருத்தித் தருகிறேன் என்று எட்வின் அண்ணன் சபைக்குப் போய்க் கேட்டார். வெளியாள் ஒருவர் சபை வாகனத்தில் கை வைக்க ஏற்பாடு இல்லை, உறுப்பினர் யாராவது கூட்டத்தில் பிரேரணை கொண்டுவர வேண்டும் என்றார்கள். உறுப்பினர்கள் ஒருவருக்கும் அந்த வண்டியின் பெயரை எழுந்து நின்று சொல்ல விருப்பமில்லை. அப்படியானால் நானே உறுப்பினர் ஆகிறேன் என்று அவர் சுயேச்சைக் குழு ஒன்றைச் சேர்க்கத் தொடங்கினார்.

குழுவுக்குப் பெண் வேட்பாளர்கள் வேண்டும். மீன் வியாபாரம் செய்யும் பூமணி அக்காவிடம் நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். அவவின் தம்பி ஒருவர் சண்டைக் காலத்தில் வீட்டிலிருந்து போனவர், திரும்பவில்லை. போகும் வழியில் இதை நான் சொன்னேன். தனக்குத் தெரியும், அதனால்தான் முதலில் அங்கே போக வேண்டும் என்றார்.

பூமணி அக்கா இருக்கச் சொல்லவில்லை. முற்றத்தில் நிற்க வைத்தே கேட்டா.

"அந்த நேரம் நீங்க எங்க நிண்டீங்க?"

எனக்கு ஓட்டோவில் ஏறி ஓடிவிட வேண்டும் போலிருந்தது. எட்வின் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆமிக் காம்புக்குள்ள வாகனம் திருத்தினன். நான் திருத்தின வாகனத்தில ஏறிப் போனவங்க எங்க போனாங்க, என்ன செஞ்சாங்க எண்டு நான் கேக்கல்ல. கேட்டிருக்கலாம். அதுக்கு நான் மறுமொழி சொல்லத்தான் வேணும். உங்கட தம்பியப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியா. தெரிஞ்சா ஒளிக்கமாட்டன்."

பூமணி அக்கா உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தா. அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்டா. பிறகு என் பக்கம் திரும்பி, இவரோடு சேர்ந்ததுக்காக இவரிடம் கேள்வி கேட்பதை நிறுத்துவேன் என்று நினைக்க வேண்டாம் என்றா. அதை அவரிடமே சொல்லியிருக்கலாம். எனக்கு ஏன் சொன்னா என்று இன்றைக்கும் தெரியாது.

ஐந்து மணி என்றால் ஐந்து மணி

எங்கள் பக்கம் ஐந்து மணிக் கூட்டம் என்றால் ஆறரைக்குத்தான் சனம் வரும். வேட்பாளர் ஏழுக்கு வருவார். அதற்கிடையில் நாங்கள் பாட்டுப் போடுவோம். தொழிலில் எங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரமே அதுதான்.

முதல் கூட்டத்தில் ஐந்து மணிக்கு இருந்தவர்கள் நான், பூமணி அக்கா, எதிரணி அனுப்பி வைத்த ஓர் ஒற்றர். ஒற்றர் கையில் போன் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எட்வின் அண்ணன் எழுந்து பேசத் தொடங்கினார். கொஞ்சம் பொறுக்கலாமே என்று சைகை காட்டினேன். வந்தவர்களை மதிக்க வேண்டும் என்றார் மைக்கிலேயே. ஒற்றர் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பேச்சு மிகச் சின்னது. பவுசரைத் திருத்துவேன், குழி நிறைந்த வீடுகளுக்கு ஒழுங்கு வைத்து அனுப்புவேன், வேறு எதையும் இப்போதைக்குச் சொல்லமாட்டேன். சனம் ஆறரைக்கு வந்தபோது நான் கதிரைகளை மடக்கிக்கொண்டிருந்தேன். ஏமாந்துபோய் என்னை ஏசினார்கள். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு ஐந்து மணிக்கே ஒரு கூட்டம் நின்றது. இந்த மனிசன் உண்மையிலேயே தொடங்குவாரா என்று பார்க்க வந்தவர்கள்தான் அதிகம்.

அந்தக் கூட்டத்தில்தான் ஒருவர் எழுந்து, தன் மகளுக்கு அரசாங்க வேலை எடுத்துத் தருவாரா என்று கேட்டார். எல்லா வேட்பாளரும் இந்த இடத்தில் "பாப்பம்" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குக் குடும்பத்தோடு வாக்கு விழும். இவர் வாயைத் திறக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அம்பிளிபயரில் சத்தத்தை மெதுவாக இறக்கினேன்.

"தங்கராசா, சத்தம் குறையுது," என்றார். ஏற்றினேன். "வேலை எடுத்துத் தர எனக்கு ஏலா. பிரதேச சபை உறுப்பினருக்கு அந்த அதிகாரம் இல்ல. தாறன் எண்டு சொல்றவர் பொய் சொல்றார் எண்டு நான் சொல்லமாட்டன். எப்பிடித் தருவீங்க எண்டு அவரிட்டயே கேளுங்க."

கேட்டவர் எழுந்து போய்விட்டார். அவரோடு ஒரு வரிசையே போனது.

அதோடு விட்டாரா? நீங்கள் என்னைத் தெரிவுசெய்யாவிட்டால் பின்கதவால் சபைக்குள் போகமாட்டேன் என்றும் அதே மூச்சில் சொல்லி வைத்தார். யாரும் அதைக் கேட்கவில்லை. எனக்குத் தேவையில்லாத பேச்சாகப் பட்டது.

மகேந்திரனின் கூட்டத்தில்

எங்கள் வட்டாரத்தில் எதிர்த்து நின்றவர் பாதை போடும் கொந்தராத்து மகேந்திரன். நல்ல பேச்சாளர். வெள்ளைச் சேட்டில் ஒரு மடிப்புக் கலையாது. அவருக்கும் சவுண்ட் நான்தான். சவுண்ட்காரனுக்குக் கட்சி கிடையாது. பிள்ளையார் கோயில் வளவில் அவருடைய பெரிய கூட்டம் நடந்த பின்னேரம் கரண்ட் இல்லை. என் ஜெனரேற்றரில் ஓடிக்கொண்டிருந்தது.

எட்வின் அண்ணன் பின்வரிசையில் இருந்தார். எதிரணிக் கூட்டங்களுக்கு ஒழுங்காக வருவார். மகேந்திரன் அவரைக் கண்டதும் உற்சாகமாகிவிட்டார். கேத்தலை வைத்து ஒரு கால்மணி நேரம் விளையாடினார். ஆமியில் துவக்குப் பிடித்த கையால் தேத்தண்ணி ஊற்ற வருகிறார் என்றார். சனம் சிரித்தது. எட்வின் அண்ணனும் சிரித்தார். பிறகு மகேந்திரன் குரலை உயர்த்தி, "இந்த ஆமிக்காரர் சபைக்குள்ள போய் என்னத்தைக் கிழிக்கப்போறார்?" என்றார்.

ஜெனரேற்றர் இருமி நின்றது.

கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், கை கழன்றதுதான் மிச்சம். மேடையில் மகேந்திரன் வாயைத் திறந்தபடி நின்றார். மைக் இல்லாமல் பேசிப் பழகாதவர். சனம் எழும்பத் தொடங்கியது. என் உள்மனம் கொஞ்சம் சந்தோசப்பட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எட்வின் அண்ணன் என் பக்கத்தில் வந்து குந்தினார். ஸ்பானர் கேட்டார். காபரேற்றரைக் கழற்றி, பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று காட்டினார். ஜெட் என்ற சின்னக் குழாயை வாயில் வைத்து ஊதி, பெற்றோலைத் துப்பி, திரும்பப் பூட்டினார். ஒரே இழுவையில் மெசின் பிடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு மேடையைப் பார்த்துச் சொன்னார்.

"கிழிக்கப்போறார் எண்ட இடத்தில நிண்டீங்க, மகேந்திரன். அதிலயிருந்து பேசுங்க."

கோயில் வளவு முழுக்கச் சிரித்தது. மகேந்திரன் அந்த இடத்திலிருந்து பேசவில்லை. "நம்மட எட்வின் அண்ணன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தான் போட்ட கொங்கிறீட் பாதைகளின் பக்கம் திரும்பிவிட்டார். அன்றைக்கு முழுக்க அந்தப் பாதைகளை விட்டு இறங்கவில்லை.

வரும் வழியில் நான் எட்வின் அண்ணனை ஏசினேன். அவரைத் திட்டுகிற மெசினை அவரே திருத்திக் கொடுப்பதா? அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"அவர் ஏசிறத சனம் கேக்கட்டும். கேட்டுப்போட்டு எனக்குப் போடாம விட்டா, அது சனத்துட முடிவு. மெசின் நிண்டு நான் வெண்டா, அது மெசின்ட முடிவு."

பட்டியல் ஆசனம்

வட்டாரத்தில் மகேந்திரன் வென்றார். வித்தியாசம் பெரிதில்லை. வேலை கேட்டு எழுந்து போன அந்த வரிசை எங்கள் பக்கம் விழுந்திருந்தால் வென்றிருப்போம் என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் குழு மொத்தமாக எடுத்த வாக்குக்கு வட்டாரம் வெல்லாமலே ஒருவரைச் சபைக்கு அனுப்பும் பட்டியல் ஆசனம் ஒன்று கிடைத்தது. யாரை அனுப்புவது என்பது குழுத் தலைவரின் கையில். குழுத் தலைவர் எட்வின் அண்ணன். எல்லோரும் அவர்தான் போவார் என்று நினைத்தோம். நான் பூமாலைக்குக்கூடச் சொல்லி வைத்தேன். அவர் கராஜில் ஒரு லொறிக்கு அடியில் படுத்துக்கொண்டு, பின்கதவால் போகமாட்டேன் என்று சொன்னேன்தானே என்றார்.

கிறேஸ் அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஊர் ஊராக் கேத்தல் கேத்தல் எண்டு திரிஞ்சார். இப்ப ஆசனம் வீட்டுக்கு வந்து கூப்பிடுது, இவர் லொறிக்குக் கீழ படுத்திரிக்கார்," என்று எனக்குச் சொன்னா. லொறிக்குக் கீழே கேட்கும்படியாகத்தான் சொன்னா. நானும் கெஞ்சிப் பார்த்தேன். யாருமே நினைவில் வைத்திராத வாக்கு அது என்றேன். தனக்கு நினைவிருக்கிறது என்றார்.

அன்றே பூமணி அக்காவின் வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை இருக்கச் சொன்னா. ஆசனத்துக்குத் தன்னுடைய பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டா. எனக்கு மேடையும் தெரியா, சட்டமும் தெரியா என்றா.

"என்னட்டக் கேட்டீங்களே, அது மாதிரிக் கேளுங்க," என்றார் எட்வின் அண்ணன். "அங்க பேச ஆக்கள் நிறைய இரிக்காங்க. கேக்கத்தான் ஆள் இல்ல."

பூமணி அக்கா சபைக்குப் போனா. முதல் அமர்வில் எழுந்து, பவுசர் ஏன் நிற்கிறது என்று கேட்டா. ஆராய்வதாகச் சொன்னார்கள். அடுத்த அமர்வில் ஆராய்ந்தாயிற்றா என்று கேட்டா. அதற்கடுத்த அமர்வில், அவ எழும்பும்போதே பதில் சொல்ல வேண்டியவர் வெளியே போகப் பார்த்தார். மீன் விற்கிற குரல். மைக் தேவையில்லை, என் தொழிலுக்கு அவவால் ஒரு பிரயோசனமும் இல்லை. கடைசியில், சபையின் மெக்கானிக் பக்கத்தில் நிற்க, எட்வின் சம்பளம் இல்லாமல் திருத்தலாம் என்று தீர்மானம் வந்தது. மகேந்திரனும் கையை உயர்த்தினார். ஏன் என்பது மாரி பிறந்ததும் விளங்கியது. வெற்றி விருந்துக்கு வந்து போன சனத்தால் அவர் வீட்டுக் குழி நிறைந்து போயிருந்தது.

பவுசர் உறுமிக்கொண்டு வெளியே வந்த அன்று, முதலில் தன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மகேந்திரன் எட்வின் அண்ணனுக்குப் போன் எடுத்தார். ஒழுங்கு வைக்கிறது பூமணி அக்கா என்றார் இவர். பூமணி அக்கா, வாவிக்கரையிலிருந்து தொடங்குகிறோம், உங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, வரும் என்றா. வந்தது, எல்லோருக்கும் பிறகு. அதுவரை மகேந்திரன் குடும்பத்தோடு மைத்துனர் வீட்டில் இருந்தார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். மைக்கைப் போடுமுன் வாடிக்கையாளரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோரும் கேட்போம். அதற்கு எல்லோரிடமும் மறுமொழி தயாராக இருக்கும். என்ன சொல்லக்கூடாது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும். எட்வின் அண்ணனிடம் நான் அதைப் படித்த பிறகு, எல்லோரிடமும் கேட்கிறேன்.

போன மாதம் ஒரு பாதைத் திறப்பு விழாவுக்கு மகேந்திரன் என்னைக் கூப்பிட்டிருந்தார். அவரிடமும் கேட்டேன். வெள்ளைச் சேட்டின் கையை மடித்துக்கொண்டார்.

"பட்டம் எவ்வளவும் போடுங்க தங்கராசா," என்றார். "பவுசர்ட கதைய மட்டும் எடுக்காதீங்க."