தையலுக்கு அரை இஞ்ச்

நஸீர் நானா போய்விட்டார். யட்டியாந்தோட்டை பஜாரில் காற்சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

இன்று காலை தையல் கடைக் கதவைத் திறந்தவர், படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அவ்வளவுதான்... ஹார்ட்.

அவர் மகன்தான் எனக்குப் போன் எடுத்துச் சொன்னான். "செல்வம் அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாங்க."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "போட்டோ என்ன சைஸ் தம்பி?"

எங்கள் தோட்டத்தில் யார் செத்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். மாலை போட்டு மாட்டுகிற படத்துக்கு ஃபிரேம் அடிப்பவன் நான். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

அவன் மெதுவாக, "எங்கட ஆக்கள் படம் மாட்டுறதில்லையே அங்கிள்" என்றான்.

தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் போனை வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் என் வேலை ஷெட்டிலேயே நின்றேன்.

அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

அவர் முதன்முதலில் என் வீட்டுக்கு வந்தது, தன் மகள் எழுதிய அரபு எழுத்துக்கு ஃபிரேம் போட. நான் அடித்துக் கொடுத்ததைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செல்வம், இந்த மூலை வாயப் பொளந்துக்கிட்டு ஈக்கே."

உண்மைதான். சட்டத்தைச் சாய்வாக அறுக்கிற மெஷினை, அதுதான் மைட்டர் சோவை, தரையில் வைத்து, குந்திக்கொண்டுதான் வெட்டுவேன். நீளமான சட்டம் என்றால் மறுமுனை தொங்கும், வெட்டு கோணலாகும், மூலை சேராது.

"தையல் மெசினைத் தரையில வெச்சு யாரும் தைப்பாங்களா? இதுக்கும் ஒரு மேசை போடுவோம்" என்றார். போடுங்கள் என்று சொல்லவில்லை. போடுவோம் என்றார்.

அடுத்த ஞாயிறு நிஜமாகவே பஸ் ஏறி வந்துவிட்டார். கழுத்தில் டேப், சட்டைப் பையில் துணியில் கோடு போடுகிற தையல் சாக்.

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டினான். நடுவில் மெஷின், இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீளப் பலகை, மூன்றும் ஒரே மட்டம். அவ்வளவுதான் வேலை. அவனுடைய ஷெட் எங்கள் லயத்து வீட்டைவிடப் பெரிது... நானா அதைத்தான் அதிகம் பார்த்தார்.

தோட்டத்தில் வெட்டிய கிழட்டு ரப்பர் மரத்துப் பலகைதான் எங்களுக்கு. அளவெடுக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். இரண்டு இறக்கைக்கும் சேர்த்து எல்லாக் கால்களையும் அன்றைக்கே வெட்டி முடித்தோம்.

இடது இறக்கையை மாட்டி, சட்டத்தை வைத்துப் பார்த்தால் ஆடுகிறது. மெஷினைவிட இறக்கை உயரமாக நிற்கிறது. திரும்ப அளந்தால் சரியாக அரை இஞ்ச் கூட.

"நானா, என்ன இது?"

"தையலுக்கு விட்டது."

"மரத்துக்கு என்னங்க தையல்?"

டேப்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "துணி வெட்டி வெட்டிக் கை பழகிப் போச்சு செல்வம்..." அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோ என்று என் மனைவி குசினியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

எல்லாக் காலையும் அரை இஞ்ச் நறுக்கிவிடலாம் என்று நான் பென்சில் எடுத்தேன். விடவில்லை. "ஈக்கட்டும், ஈக்கட்டும். மெசினை ஒசத்துவோம்." மெஷினுக்கு அடியில் அரை இஞ்ச் பிளைவுட் துண்டு ஒன்றைக் கொடுத்தார். மட்டம் சரியாகிவிட்டது. அதற்குள் இருட்டிவிட்டதால், வலது இறக்கையைப் பிறகு பார்ப்போம் என்று சுவரில் சாய்த்து வைத்தோம்.

அன்றிலிருந்து போனில் அவர் எனக்கு "பாஸுன்னே." சிங்களத்தில் தச்சரை மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தான். "என்ன பாஸுன்னே, மேசை நிக்கிதா?" நானும் விடமாட்டேன், "நிக்கிது டெய்லர் மாத்தயா, தையல்தான் பிரியுது" என்பேன்.

மெஷினோடு வந்த மரத்தூள் பை கிழிந்திருந்ததை எப்போது கவனித்தாரோ தெரியாது. போன சனிக்கிழமை நீலத் துணியில் ஒரு பை தைத்துக்கொண்டு வந்தார். ஸ்கூல் காற்சட்டையில் மிஞ்சிய துணி. தூளைக் கொட்டுவதற்குக் கீழே காற்சட்டை ஜிப்.

"அவசரத்துக்குத் தொறக்கலாம்" என்றார், முகத்தை மாற்றாமல்.

அன்று பையை மாட்டி இரண்டு சட்டம் வெட்டிப் பார்த்தோம். தரையில் தூளே விழவில்லை. வலது இறக்கையை வருகிற ஞாயிறு மாட்டுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மையவாடியில் ஓரமாக நின்றேன். அவர் மகன் என்னைப் பார்த்துக் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போனான். மற்றவர்களைப் போல நானும் மண் போட்டேன்.

எங்கள் பக்கத்துச் சாவு என்றால் அந்த நேரம் ஃபிரேமுக்கு ஆணி அடித்துக்கொண்டிருப்பேன். அவருக்கு என் கையால் செய்ய ஒன்றுமில்லை. அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த வலது இறக்கையின் கால்களை எடுத்தேன். அவர் போட்ட சாக் கோடு இன்னும் அழியவில்லை.

மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகையை நிறுத்தி, தனியாகவே ஸ்க்ரூ முடுக்கினேன்.

இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீளச் சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. எங்கேயும் இடைவெளி இல்லை.

நீலப் பை தொங்குகிறது. சனிக்கிழமைத் தூள் உள்ளேதான் இருக்கிறது. ஜிப்பைத் திறக்கக் கை வரவில்லை.

மேசை நிக்கிது நானா. தையலுக்கு விட்டது அப்படியே ஈக்கி.

போய்ட்டு வாங்க.