வால்காரர்

"உங்களோட சரி" என்று வரிசையில் நிற்கும் நீலச் சட்டைக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார் வால்காரர். அடுத்து நிற்பவரிடம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். "உங்களுக்கு இன்னிக்கு வராதுங்க. வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு ஏழரைக்கு வாங்க." மணி ஒன்பதரை. ஜன்னல் திறந்து அரை மணி நேரம்தான் ஆகிறது, மூடுவதற்கு இன்னும் மூன்றரை மணி நேரம் கிடக்கிறது. அங்கே புதிதாக வந்த அந்த ஆளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வருகிறது. "அதைச் சொல்ல நீங்க யாரு?" என்கிறார். "நான் யாருமில்லீங்க. ஆனா வராது."

ஓட்டுநர் உரிமம் புதுப்பித்துத் தரும் அலுவலகத்தில் அவர் உதவியாளர். பதிவேட்டின்படி கோப்புகளை மேசைக்கு மேசை தூக்கிக்கொண்டு போவதுதான் அவர் வேலை. உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் அவரை வால்காரர் என்கிறார்கள். வரிசையின் வால் எங்கே முடிகிறது என்று சொல்கிறவர் என்பதால் அந்தப் பெயர். ஐம்பத்துநாலு வயது, ஒடிசலான உடம்பு. சட்டைப் பையில் பேனா உண்டு. அதை அடுத்தவர்களுக்குக் கொடுப்பதோடு சரி, அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை.

வாலைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒரு மணிக்கு ஜன்னல் மூடும்போது முப்பது பேராவது வெறுங்கையோடு நிற்பார்கள். அந்த முப்பது பேரையும் தாண்டித்தான் அவர் சாப்பிடப் போக வேண்டும். "சோறு தொண்டைய விட்டு இறங்காதுங்க. வராதுன்னு காலையிலயே தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தா, அவங்க நாளைத் திருடுன மாதிரிதானே" என்கிறார். ஒருநாள் கோப்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ச் சொல்லிவிட்டார். அன்று அவர் வாங்கிய திட்டுக்கு அளவில்லை. அன்றிலிருந்து தினம் சொல்கிறார்.

அவருடைய கணக்கு எளிது. ஓர் ஆளுக்கு நாலு நிமிஷம், நாலு மணி நேரத்துக்கு அறுபது பேர். ஆனால் அந்த நாலு நிமிஷம் ஆளுக்கு ஆள் நீளும், சுருங்கும் என்பதால் வரிசையோடு நடந்தபடி ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே வருவார். காகிதங்களை உறையில் அடுக்கி வைத்திருப்பவருக்கு மூன்று நிமிஷம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவருக்கு ஏழு. மெக்கானிக் வந்தால் ரேகை விழாது, விரலைத் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும் என்பதால் ஆறு. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தால் ஒன்பது. "ரெண்டு பேருக்கும் சேர்த்து இல்லீங்க, ஆளுக்கு ஒம்பது. ஒருத்தர் பேப்பர இன்னொருத்தர் சரி பண்ணுவாங்க" என்று விளக்குகிறார்.

இந்தப் புத்தி அலுவலகத்தோடு நின்றால் பரவாயில்லை. முடிவெட்டும் கடைக்குப் போனால் வாசலில் நின்றே உள்ளே இருக்கும் தலைகளை ஒரு நோட்டம் விடுவார். "இந்த வழுக்கைக்குப் பத்து நிமிஷம் போதும். அந்தச் சுருட்டைக்கு அரை மணி. நாப்பது நிமிஷம் கழிச்சு வர்றேன்" என்று கிளம்பிவிடுவார். வழுக்கைத் தலைக்காரர் முறைப்பதை அவர் கண்டுகொள்வதில்லை. கல்யாணமான மகள் குடும்பத்தோடு வந்திருக்கும் நாட்களில் குளியலறை வாசலிலும் இதே கதைதான். மாப்பிள்ளையிடமே "உங்களுக்கு ஏழே முக்காலுக்கு வரும்" என்று சொன்னவர். "பெத்த வீட்டுல குளிக்கிறதுக்கு நான் டோக்கன் வாங்கணுமாப்பா?" என்று மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு முப்பது வருடப் பழக்கம்.

இந்தக் கணக்கு ஒரே ஒருமுறை அவர் காலை வாரிவிட்டிருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் பெண் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். காலைச் சவாரியை முடித்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை ஓரமாக நிறுத்திவிட்டு அவள் வந்து சேர எப்படியும் ஒன்பதரை ஆகிவிடும். வரிசை அதற்குள் அறுபதைத் தாண்டியிருக்கும். இரண்டு நாள் அவளிடம் "வராதும்மா" என்று சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் அவளுடைய இடம் அறுபத்து மூன்று. "நாளையோட லைசென்ஸ் முடியுதுங்க. முடிஞ்சிருச்சுன்னா மறுபடி ஓட்டிக் காட்டணும், ஒரு மாசம் ஆகும்ங்கறாங்க. ஸ்கூல்ல அதுவரைக்கும் வச்சிருக்க மாட்டாங்க. வேற ஆள் பார்த்தாச்சு" என்றாள். அவள் கெஞ்சவில்லை, விவரத்தைத்தான் சொன்னாள். அவர் வரிசையை இன்னொரு முறை நடந்து பார்த்தார். மெக்கானிக்குகள் மூன்று பேர், தம்பதி ஒரு ஜோடி. "வராதும்மா. நாளைக்கு வாங்க" என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

பதினொரு மணிக்குப் பக்கத்து ஜன்னல் திறந்தது. மேலிடத்திலிருந்து யாரோ பார்க்க வருகிறார்கள் என்று அதிகாரி இன்னொரு குமாஸ்தாவை அவசரமாக உட்கார வைத்திருந்தார். கோப்பு தூக்குகிறவரிடம் இதையெல்லாம் யார் சொல்வார்கள்? இரண்டு ஜன்னலுமாகச் சேர்ந்து வரிசையை விழுங்கிவிட்டன. பன்னிரண்டு அடித்தபோது வெளியே ஓர் ஆள் இல்லை. "என்ன வால்காரரே, வால் மட்டும் இல்ல, மாட்டையே காணோம்?" என்று குமாஸ்தா உள்ளிருந்து கேலி செய்தார். அவர் வெறும் தாழ்வாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு முழு மணி நேரம் இரண்டு ஜன்னல்களும் சும்மா இருந்தன. அன்று திருப்பி அனுப்பிய பத்தொன்பது பேரில் மற்றவர்கள் நாளை சீக்கிரம் வந்து நிற்பார்கள். அவளால் முடியாது. நாளைக்கும் ஒன்பதரைக்குத்தான் வருவாள், நாளைக்கும் அறுபதுக்கு அப்பால்தான் நிற்பாள்.

நடந்ததைக் கேட்ட குமாஸ்தா நல்ல மனிதர்தான். "இதுக்கா இப்படி உட்கார்ந்திருக்கீங்க? நாளைக்கு அந்தம்மா வந்ததும் பின்பக்கமா கூட்டிட்டு வாங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்றார். வால்காரர் மறுத்துத் தலையை ஆட்டினார். "வெளியில நிக்கிற அறுபது பேருக்கு நான் என்ன பதில் சொல்றது? நாளான்னைக்கு நான் வராதுன்னா எவன் நம்புவான்?" ஒருவருக்காக இன்னொருவர் வரிசையில் நிற்கலாம். அது அங்கே எல்லாரும் ஒப்புக்கொண்ட வழக்கம். பையை வைத்து இடம் பிடிக்கத்தான் கூடாது, ஆள் நிற்க வேண்டும். ஒரு காகிதம் எடுத்து, தன் பேனாவாலேயே விடுப்புக் கடிதம் எழுதினார்.

இரவு மனைவியிடம் சொன்னார். "வேலைக்குப் போனாலும் வரிசை, லீவு போட்டாலும் வரிசை" என்றாள் அவள். ஆனாலும் காலையில் அவருக்கு முன்னால் எழுந்து இட்டிலித் தட்டைத் தேடாமல் ரொட்டியும் வாழைப்பழமும் கட்டிக்கொடுத்தாள். நின்றுகொண்டே சாப்பிட அதுதான் தோது.

ஏழு மணிக்கே போய்விட்டார். ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஆறாவதாகப் போய் நிற்கவில்லை. ஆறாவது ஆள் ஒன்பதே கால் தாண்டியதும் ஜன்னலுக்கு வந்துவிடுவார், அப்போது அவள் வேனில் இருப்பாள். எதிர்ப்படியில் உட்கார்ந்து, பன்னிரண்டு பேர் சேரும்வரை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்ப் பதிமூன்றாவதாக நின்றார். ஒன்பதே முக்காலைத் தாண்டி மூன்று நிமிஷத்தில் ஜன்னல். கணக்கு அதுதான்.

நின்ற பிறகுதான் நிற்பது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. இத்தனை வருடமும் வரிசையைப் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறார். உள்ளே நின்றால் முன்னால் இருப்பவரின் சட்டைக் காலர்தான் தெரிகிறது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். தான் வீட்டுக்கு அனுப்பிய ஆட்கள் எல்லாரும் அதற்கு முன்னால் இப்படித்தானே நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பதே முக்கால் ஆயிற்று. வேன் வரவில்லை. அவருக்கு முன்னால் ஒரே ஒருவர். திரும்பிப் பின்னால் இருந்தவரிடம், "நீங்க முன்னாடி போங்க" என்றார். அந்த ஆள் ஓர் அடி பின்வாங்கினார். "ஏன் சார்? உள்ள ஏதாவது பிரச்சினையா?" அலுவலகத்து ஆளே ஒதுங்குகிறார் என்றால் சும்மாவா? கிசுகிசு பின்னால் பரவியது. மெஷின் கெட்டுவிட்டது என்றார் ஒருவர். இன்று போகிறவர்களுக்கு அபராதமாம் என்றார் இன்னொருவர். "நீங்களே போகல, எங்கள மட்டும் தள்ளி விடுறீங்களே" என்று ஓர் அம்மாள் சண்டைக்கு வந்தாள். "ஒண்ணும் இல்லம்மா, சத்தியமா ஒண்ணும் இல்ல. நான் ஒருத்தருக்காக நிக்கிறேன். அவங்க இன்னும் வரல, அவ்வளவுதான்" என்று அவர் மன்றாட வேண்டியதாயிற்று. இருபது வருடமாக ஆட்களைத் திருப்பி அனுப்பியபோது கூட அவர் இத்தனை பேச்சு பேசியதில்லை. ஒருவர், இருவர், ஐந்து பேர் என்று அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் ஜன்னலுக்கு ஓர் அடி தள்ளி அப்படியே நின்றார்.

பத்தேகாலுக்கு வேன் வந்தது. அவள் ஓட்டமும் நடையுமாக வந்து, வழக்கம் போல நேராக வரிசையின் வாலுக்குப் போனாள். அங்கே அன்று வால்காரருக்குப் பதிலாக வாட்ச்மேன் நின்றிருந்தார். அவர் கையை விரித்தார். அவள் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு வேனைப் பார்த்துத் திரும்பினாள்.

"வேன் அம்மா" என்று வால்காரர் கூப்பிட்டார். அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. வரிசை மொத்தமும் திரும்பியது. "இங்க வாங்க."

அவள் தயங்கித் தயங்கி வந்தாள். "நேத்து நான் சொன்னது தப்புங்க. உங்களுக்கு வந்திருக்கும்" என்றார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பேப்பர் எல்லாம் இருக்கா? போட்டோவ மேல வச்சுக்கங்க." சொல்லிக்கொண்டே வரிசையை விட்டு ஓர் அடி வெளியே வந்தார். பின்னால் நின்றவர் வழக்கமாக எல்லாரும் செய்வதுபோல அந்த இடைவெளியை நிரப்ப நகர்ந்தார். வால்காரர் அவர் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டினார். அவளுடைய இரண்டு காலும் உள்ளே வந்து நிற்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.