பாகல் என்றால் என்ன

அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்த வருஷம் எனக்கு ஆறு வயது. பவானிபூரில் வாடகை வீடு. அப்பா ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கைக்குழந்தையாக இருந்த தம்பி ஜுரத்தில் போனபின் அம்மா தலை வாரிக்கொள்வதை நிறுத்தினாள். பிறகு பேச்சும் நின்றது. காலித் தூளியை மட்டும் நாள் முழுக்க ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு மாஷிமா தன் பெண்களை எங்கள் வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு போனாள். "ஓர் மா பாகல்" என்று அவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வங்காளத்தில் அதற்கு 'அவள் அம்மா பைத்தியம்' என்று அர்த்தம். என் அரைகுறை வங்காளத்துக்கு அம்மா என்பது வரையில்தான் புரிந்தது.

ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் போனேன். "அம்மாவைப் பாகல்னு ஏம்ப்பா சொல்றா?"

அவர் கண்ணாடியைப் பார்த்துத் தலைப்பாகையைச் சரிசெய்தபடியே சொன்னார்: "பாகற்காயை ஜாஸ்தியா சாப்ட்டுட்டா. கசப்பு தலைக்கு ஏறிடுத்து. சரியாயிடும், போய் விளையாடு."

குழந்தைதானே, வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பினால் போதும் என்று பெரியவர்களுக்கு ஓர் அலட்சியம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாகற்காய்க் கறி எனக்கு ஆகாது. என் தட்டில் விழுந்ததையெல்லாம் அம்மா தட்டில் தள்ளிவிடுவேன். அவளும் பேசாமல் தின்பாள். ஆக, அம்மாவைக் கெடுத்தது நான்தான்.

கசப்புக்கு மாற்று இனிப்பு என்று நானே முடிவு செய்தேன். வெல்லத்தைத் திருடி அவள் வாயில் திணித்தேன். ஒரு தடவை விரலைக் கடித்துவிட்டாள்; ரத்தம் வந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. எதற்குத் திணித்தாய் என்று கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடுமே. மறுநாளும் திணித்தேன்.

பத்து நாளில், அவளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் குதிரைவண்டி வந்தது. அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். "இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கோப்பா, நான் சரி பண்ணிடறேன்." அவர் என் கையைப் பிரித்து, என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

அம்மா திரும்பி வரவில்லை. அங்கேயே இறந்துபோனாள் என்று கடிதம் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அந்த எட்டு வருஷமும் நான் ஒரு கொலைகாரி. அன்றைக்குத்தான் அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னேன், அம்மாவுக்கு அந்தப் பாகற்காயையெல்லாம் கொடுத்தவள் நான்தான் என்று.

அவர் கடிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"எந்தப் பாகற்காய்?" என்றார்.