தோப்பு வேலியும் சண்டை ரோபோவும்

கொச்சியில் நடக்கும் ரோபோச் சண்டைக்காக நானும் தங்கையும் கொழிஞ்சாம்பாறைத் தோப்பு வீட்டில் ஒரு ரோபோ செய்தோம். பகலெல்லாம் சொன்னபடி கேட்கும். பொழுது சாய்ந்தால் போதும், ரிமோட்டை யாரும் தொடாமலே விட்டு விட்டுத் துள்ளும். முன்னால் வெட்டுத் தகடு வேறு. கிட்டே போகவே பயம்.

“எல்லாம் நீ ஒயரைச் சால்டரிங் பண்ணின லட்சணம்” என்று கத்தினேன்.

“பழைய பொம்மைக் கார் ரிமோட்ட மாட்டுனது ஆருங்ணா?” என்றாள்.

ஒரு சாயங்காலம் சண்டை போட்டு ஓய்ந்து, பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் கேட்டது: டிக், டிக். ரோபோவும் அதே தாளத்தில் துள்ளியது.

சத்தம் வந்தது காட்டுப்பன்றிக்காகப் போட்ட சோலார் மின்வேலியிலிருந்து. தினமும் சாயங்காலம் அதன் சுவிட்சைப் போடுவது நான்தான். ஈரத் தென்னை மட்டை ஒன்று என்றைக்கோ கம்பிமேல் விழுந்து கிடந்து, பொறி பறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பொறியின் அலையையும் அந்தப் பொம்மைக் கார் ரிமோட்டின் ரிசீவர் கட்டளை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

வேலியை நிறுத்தி, மட்டையை இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டேன். ரோபோ சும்மா நின்றது. அப்பாடா என்றிருந்தது. இருவரும் சத்தம் போட்டுச் சிரித்தோம்.

“இப்பச் சொல்லுங்ணா, எஞ் சால்டரிங் எப்பிடி?”

நான் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு, அந்தப் பொம்மைக் கார் ரிசீவரைக் கழற்ற உட்கார்ந்தேன்.