மரியமலரின் வடி

மரியமலர் வலது உள்ளங்கையை உயர்த்தினால் வீடு நின்றுவிட வேண்டும். கணவர் றொனால்ட் தேத்தண்ணிக் கோப்பையை உதட்டில் வைத்தபடி உறிஞ்சாமல் இருப்பார். குசினிக் குழாய் பூட்டப்படும். காற்றாடி சுற்றி ஓயும்வரை கை இறங்காது. பிறகு போனை வாய்க்கருகே பிடித்து, "சிலாவத்தையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட..." என்று தொடங்குவார். ஊரில் யாரோ இறந்திருக்கிறார்.

முல்லைத்தீவுக் கரையில் அந்தப் பக்கத்து மரண அறிவித்தலெல்லாம் மரியமலரின் குரல்தான். றொனால்டின் ஓட்டோக் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள். ஓட்டோ ஊர்ந்து போக, குரல் ஒழுங்கைகளுக்குள் நுழையும். அழகான குரல் என்று சொல்ல முடியாது. சற்று மூக்கால் வருவது. ஆனால் பெயர்களை விழுங்காது. இறந்தவர் யாருக்குத் தாய், யாருக்கு மாமியார், பிரான்சில் யார், கனடாவில் யார் என்பதெல்லாம் வரிசை பிசகாமல் வர வேண்டும். செத்தவர் போய்விடுவார். பெயர் விடுபட்டவர் போகமாட்டார், வாசலில் நிற்பார்.

வீடு கடலைப் பார்த்திருக்கிறது. அலையும் காகமும் கரைவலை இழுக்கும் உழவு இயந்திரமும் உள்ளங்கைக்கு அடங்குவதில்லை. இவற்றை ஒலிப்பதிவிலிருந்து நீக்கிவிட ஒரு செயலி போனில் இருந்தது. மரியமலர் அதற்கு வைத்த பெயர் 'வடி'. தேத்தண்ணி வடியைப் போல அது சக்கையை நிறுத்தி, குரலை மட்டும் விடும். "ஒருக்கா வடியில போட்டெடுத்தா, கடல் எந்தப் பக்கம் எண்டே தெரியாது" என்பார்.

யோசித்தால் விசித்திரமான வியாபாரம். வடியைச் செய்த கொம்பனி அவருக்கு விற்றது ஒரு பொருளை அல்ல. சில பொருட்களின் இன்மையை. காகமின்மை, அலையின்மை, றொனால்டின் இருமலின்மை. இல்லாத ஒன்றை ஒருவருக்குப் பழக்கிவிட்டு, பிறகு அதையும் இல்லாமல் செய்யலாம் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒருநாள் வடி திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் நாலு வரி ஆங்கிலம். முன்பு கட்டாரில் வேலை செய்து ஆங்கிலம் பழகிய றொனால்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"நிப்பாட்டிப் போட்டாங்களாம், மலர். எங்கட ஏமாற்றம் அவைக்கு விளங்குதாம். தங்கட பயணத்தில கூட வந்ததுக்கு நன்றியாம்."

"நான் எங்க பயணம் போனனான்? வீட்டிலயெல்லோ இருந்தனான்! பிரேதத்தைக்கூட ரெண்டு நாள் வைச்சிருந்து, சொந்தக்காரர் வந்து பாத்தபிறகுதானே எடுக்கிறது. இவை என்னண்டு வடியைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்தவை?"

இதையே அறிவித்தல் குரலில் பதிந்து கொம்பனிக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது: அவருடைய ஏமாற்றம் அவர்களுக்கு விளங்குகிறது. மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் விளங்கியது. "விளங்கி விளங்கியே என்னைக் கொல்லப் போறாங்கள்" என்று போனைத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

கொம்பனி சிபாரிசு செய்த புதிய செயலி, எது குரல் எது இரைச்சல் என்று தானே முடிவு செய்யும். ஒரு மூதாட்டியின் அறிவித்தலை மரியமலர் அதில் போட்டார். வடித்ததைத் திரும்பக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அறிவித்தல் ஊரைச் சுற்றி வந்தபின், மத்தியானம், இறந்தவரின் மூத்த மருமகன் கொன்ஸ்ரன்ரைன் வெள்ளை உடுப்போடு வாசலில் நின்றார்.

"அக்கா, பெட்டி எடுத்தது நான். பந்தல் போட்டது நான். அறிவித்தலில நான் எங்க?"

"நான் வாசிச்சனான் தம்பி. போன் திண்டுபோட்டுது."

"சின்ன மருமகன்ர பேரை மட்டும் அது தின்னேல்லையோ? காகம் கத்துறதுகூடத் தெளிவாக் கேக்குது. மாமிக்குக் காகம் என்ன முறை?"

வேகமாக அடுக்கிய பெயர்களை இரைச்சல் என்றும், காகத்தை மனிதர் என்றும் அந்தச் செயலி நினைத்திருக்க வேண்டும். அன்று பின்னேரம் முழுவதும் ஓட்டோ ஒரே வரியோடு ஊரைச் சுற்றியது: "அன்னார் கொன்ஸ்ரன்ரைனின் அன்பு மாமியாரும் ஆவார்."

ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பு கோயில்வரை போய்விட்டது. தேவாலயத்து அருட்பணிச் சபைச் செயலாளர் டிலக்ஸன் மோட்டார் சைக்கிளில் வந்தார், இளைஞர், மரியாதையானவர்.

"அன்ரி, கோவிக்காதேங்கோ. இந்தமுறை திருவிழா அறிவித்தலை டவுனில கொம்பியூற்றர் குரலில செய்வம் எண்டு சபையில கதைக்கினம். இரைச்சல் இல்லாமல் நாளைக்கு ஒண்டு தந்தீங்களெண்டா நான் கதைச்சுப் பாக்கிறன்."

"கொம்பியூற்றர் பூசைக்கு வருமோ தம்பி?"

கேள்வி நக்கலாகத்தான் வந்தது. ஆனால் டிலக்ஸன் போனபிறகு அவர் கதிரையில் இருந்தபடி வெகுநேரம் எழும்பவில்லை. வருடம் முழுக்க இறந்தவர்களுக்காகப் பேசும் குரல், உயிரோடு இருப்பவர்களை வாருங்கள் என்று கூப்பிடுவது அந்த ஒரு அறிவித்தலில்தான்.

முதலில் அலுமாரிக்குள் இருந்து பதிய முயன்றார். சீலைகளுக்கு நடுவே குந்தியிருக்க, றொனால்ட் கதவைச் சாத்தினார். வெளியே வந்ததும் போட்டுக் கேட்டார்கள்.

"சேமக்காலைக் குழிக்குள்ள இருந்து கூப்பிடுற மாதிரிக் கிடக்கு" என்றார் றொனால்ட். "சனம் வராது மலர், ஓடும்."

மறுநாள் டிலக்ஸன் வந்தபோது மரியமலர் முற்றத்தில், கடலுக்கு முகம் கொடுத்து நின்றார். வலை தண்ணீரில் இருந்த நேரம். உழவு இயந்திரம் ஓய்ந்திருந்தது. உள்ளங்கை கடலை நோக்கி உயர்ந்திருந்தது. கடல் கேட்கவில்லை. ஆனால் அலை உடைந்து பின்வாங்கும்போது ஒரு சின்ன இடைவெளி வந்தது. அதற்குள் ஒரு வரியைச் சொன்னார்: "கொடியேற்றத்துடன் ஆரம்பமாகும்." அலை வர, பதிவை நிறுத்தி வாயை மூடினார். அடுத்த இடைவெளிக்கு அடுத்த வரி. "இறைமக்கள் அனைவரையும் அன்புடன் அழைக்கின்றோம்" என்பதற்கு இடம் போதாமல் நாலு அலையை விட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிறகு, வழக்கத்துக்கு மாறாக, முழுவதையும் போட்டுக் கேட்டார். சொற்கள் தெளிவாக நின்றன. அவற்றுக்குக் கீழே, மெலிதாக, கடல் இருந்தது.

"அன்ரி, பின்னால கடல் கொஞ்சம் கேக்குது..." என்று டிலக்ஸன் தொடங்கினார்.

உள்ளங்கை அவர் பக்கம் திரும்பியது. டிலக்ஸன் வாயை மூடினார். மற்றக் கையால் போனை ஓட்டோவுக்குள் இருந்த றொனால்டிடம் நீட்டினார் மரியமலர். இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் ஊரைக் கூப்பிடத் தொடங்க, ஓட்டோ நகர்ந்தது. அது ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை அந்தக் கை இறங்கவில்லை.