வெள்ளை உடுத்தவரிடம் ஒரு கேள்வி

காரில் மூன்று பேர். ஓட்டியவன் ரகு; என்னோடு பெயின்ட் அடிக்கிறவன். பின்னால் மச்சான் சிவம்; ஒல்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர். முன்னால் நான்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு நாங்கள் இருக்கும் வென்ட்வேர்த்வில்லிலிருந்து புறப்பட்டோம். மெல்பேர்ணில் கேரம் டவுன்ஸ் போக வேண்டும். ஏறக்குறைய தொள்ளாயிரம் கிலோமீற்றர். அங்கே ஒரு மண்டபத்துக்கு நம்மவர்கள் தேர்தல் வேட்பாளர் ஒருவரை அழைத்திருந்தார்கள். குடிவரவு விஷயத்தில் கட்சிக்காகப் பேசுகிறவர். முதல் கேள்வி எனக்கு என்று, கூட்டம் நடத்தும் சங்கத்தின் செயலாளர் போனில் சொல்லியிருந்தார். கேள்வி சின்னது. என் விசா தற்காலிகம். அதை வைத்துக் கிளிநொச்சியில் இருக்கும் மனைவியைக் கூப்பிட முடியாது. நிரந்தரமாக்குவீர்களா, மாட்டீர்களா? ஆங்கிலத்தில் பாடமாக்கியிருந்தேன்.

பதினொரு மணி, ஆல்பரி. கோப்பி ஆறு டொலர். தெருவோரம் எங்கும் வேட்பாளர்களின் படம்.

"ஒல்லாந்தில இவையளைக் கண்டிடாட் எண்டுறது," என்றார் சிவம். "என்ர மகள் பள்ளியில லத்தீன் படிக்கிறவள். வெள்ளை உடுத்தவன் எண்டு கருத்தாம். ரோமில வாக்குக் கேட்டு வாறவன் உடுப்பில சுண்ணாம்பு பூசிக்கொண்டு வருவானாம்."

"ஊத்தை தெரியாமலிருக்கவோ?" ரகு கேட்டான்.

"தூரத்தில பளிச்செண்டு தெரியவாம்."

"வேர்த்தால் கரைஞ்சிடுமே, அண்ணை."

மூவரும் சிரித்தோம்.

நான்கு மணிக்கு மண்டபம். ஐந்துக்கு வேட்பாளர் வந்தார். அரைமணி நேரம்தான் என்றார்கள். அவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், காற்சட்டைக்கு மேலேயே வெள்ளை வேட்டி கட்டிவிட்டுக் கொண்டுவந்தார்கள். பிறகு பொன்னாடை. ஒரு சங்கம் போர்த்தினால் மற்றச் சங்கம் விடுமா? ஒவ்வொன்றுக்கும் படம், ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

செயலாளரிடம் போனேன். "தம்பி, என்ர கேள்வி?"

"உங்களுக்கு வாக்கு இருக்கோ, அங்கிள்?"

"இல்லை."

"அப்ப கொஞ்சம் பொறுங்கோ. படத்துக்கு வந்து நில்லுங்கோ."

நான் நிற்கவில்லை. உதவியாளர் மணிக்கூட்டைக் காட்டினார். வேட்பாளர் எழும்பினார். வாசலில் மறித்துக் கேட்டேன். பாதி சொல்ல முன்னமே கைகூப்பி "வணக்கம்" என்றார். காரில் ஏறிவிட்டார்.

இதை எழுதும்போதும் கோபம் ஆறவில்லை. அவரில் அல்ல. ரோமில் வாக்குக் கேட்டவன் தன் சுண்ணாம்பைத் தானே பூசினான். இங்கே நாங்கள் உடுத்திவிட்டோம், அரைமணி நேரத்தையும் அதற்கே கொடுத்தோம்.

திரும்பும் வழியில் ஆல்பரியில் மறுபடி கோப்பிக்கு நிறுத்தினோம். ரகு என்னிடம் கேட்டான். "எத்தனை பொன்னாடை, அண்ணை?"

பதினொன்று.